எறும்பு ஏன் இடது பக்கம் போனது?



ரோபோ என்றாலே நமக்கெல்லாம் 2010-ல் வந்த எந்திரன் படத்துச் சிட்டிதான் ஞாபகத்துக்கு வரும். அது பறக்கும், சண்டை போடும், ஒரே நாளில் எல்லாப் புத்தகத்தையும் படிக்கும். ஆனால் அதை யாராவது துணி எடுத்துத் துடைப்பதைப் படத்தில் பார்த்திருக்கிறீர்களா? ரோபோவுக்கும் அழுக்கு சேரும், முடி சிக்கும், செல் வீங்கும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் எழுதப் போகிறேன்.

எழுதக் காரணம் ஒன்று இருக்கிறது. போன வாரம் அறிவியல் மன்றத்தில், நம் ரோபோவை அடுத்து யார் வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்கள் என்று சார் கேட்டார். வரிசைப்படி எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தியின் முறை. அவள் எழுந்து, "எனக்கு வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டாள். வெளியே வந்ததும் என்னிடம் மெதுவாக, "ஆசையாத்தான் இருக்குக்கா. ஆனா கெட்டுப்போச்சுன்னா எங்க வீட்டுல காசு கட்ட முடியாது" என்றாள். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. ஏனென்றால் அதே பயம் பொங்கல் விடுமுறையில் எனக்கும் வந்தது. என் கையில் அது நிஜமாகவே கெட்டுப்போனது போல ஆனது.

யார் இந்த எறும்பு?

இந்தப் பள்ளியில் படித்த அண்ணன் ஒருவர் வாங்கிக் கொடுத்த கிட்டை வைத்து சாரும் நாங்கள் நாலு பேரும் சேர்ந்து மாட்டியதுதான் நம் ரோபோ. தரையில் கருப்பு டேப் ஒட்டினால் அந்தக் கோட்டின் மேலேயே ஊர்ந்து போகும். வரிசை தப்பாமல் போவதால் எறும்பு என்று பெயர் வைத்தோம். (ரோபோ என்ற பெயர் வந்த கதையும் சுவையானது. 1920-ல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் எழுதிய ஒரு நாடகத்தில்தான் அந்தச் சொல் முதலில் வந்தது. செக் மொழியில் ரோபோட்டா என்றால் கட்டாய வேலை என்று அர்த்தம்.)

எறும்பின் உடம்பில் இருப்பவை இவை.

1. மூளை: ஆர்டுயினோ ஊனோ என்ற நீல நிறப் பலகை. ஆர்டுயினோ 2005-ல் இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில், மாணவர்கள் குறைந்த செலவில் கற்றுக்கொள்வதற்காக உருவாக்கப்பட்டது.
2. கண்கள்: முன்னால் கீழ்ப்பக்கம் இரண்டு அகச்சிவப்பு சென்சார்கள்.
3. கால்கள்: மஞ்சள் நிற மோட்டார் இரண்டு, அதில் மாட்டிய ரப்பர் சக்கரம் இரண்டு, முன்னால் தாங்குவதற்கு ஒரு குட்டி உருளை.
4. தசை: மோட்டார் டிரைவர் என்ற சிவப்புப் பலகை. மூளை சொல்வதைக் கேட்டு மோட்டாருக்கு மின்சாரம் அனுப்பும்.
5. சாப்பாடு: ஆறு பென்சில் செல்கள். ஒன்று 1.5 வோல்ட், ஆறும் சேர்ந்து 9 வோல்ட்.

பொங்கலில் நடந்தது

போகி அன்று எறும்பை அட்டைப்பெட்டியில் வைத்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டு போனேன். என் அம்மா தையல் வேலை செய்கிறார். பொங்கலுக்கு முன்னால் எங்கள் வீட்டில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை மெஷின் ஓடும். தரை முழுக்க வெட்டுத்துணியும் நூலும்தான். பொங்கல் அன்று தம்பி அந்தத் தரையிலேயே டேப் ஒட்ட, எறும்பு சூப்பராக ஓடியது. பக்கத்து வீட்டு அத்தை, தாத்தா எல்லாரும் வந்து பார்த்தார்கள்.

மாட்டுப் பொங்கல் அன்று காலையில் "கிர்ர்" என்று ஒரு சின்னச் சத்தம். நான் கண்டுகொள்ளவில்லை. மத்தியானம் நேர்க்கோட்டிலேயே இடது பக்கம் இழுத்தது. சாயந்திரம் வளைவில் கோட்டை விட்டு இறங்கி அப்படியே நின்றுவிட்டது.

எனக்குக் கை காலெல்லாம் உதறியது. மோட்டார் எரிந்துவிட்டது, சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்று நானே முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. தாத்தா கதவு கீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவது ஞாபகம் வந்தது. இடது சக்கரத்தின் அச்சில் நாலைந்து சொட்டு விட்டேன். கொஞ்சம் ஓடியது போல இருந்தது. மறுநாள் காலையில் சக்கரம் முன்பைவிட இறுகிவிட்டது. பாட்டிலில் பார்த்தால் எண்ணெயும் உறைந்து வெள்ளையாக இருந்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். தை மாசக் குளிரில் பாட்டிலில் உறைவது சக்கரத்தில் மட்டும் உறையாதா? அதோடு எண்ணெய் டயரிலும் பட்டு வழுக்கியது. தரையில் இருந்த செம்மண் தூசி எல்லாம் வந்து அதில் ஒட்டி மாவு பிசைந்தது போல ஆகிவிட்டது.

அன்று ராத்திரி நான் சாப்பிடாமல் படுத்திருப்பதைப் பார்த்து அம்மா கேட்டார். அழுதுகொண்டே சொன்னேன். அம்மாவுக்கு ரோபோ பற்றி எதுவும் தெரியாது. ஆனால் எறும்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, நூல் சிக்கியிருக்கு பாரு. நம்ம மெஷின்ல பாபின்கிட்ட பஞ்சு சேர்ந்தா தையல் விடுதுல்ல, அதே மாதிரிதான். முதல்ல நூல எடு, அப்புறம் தூசியத் தட்டு, எண்ணெய் கடைசிலதான். அழுக்கு மேல எண்ணெய் விட்டா அழுக்குக்குச் சோறு போட்ட மாதிரி" என்றார்.

சக்கரத்தைக் கழற்றினோம். அச்சில் பச்சை நூல், ஊதா நூல், அதோடு நீளமான தலைமுடி. பாதிக்கு மேல் என் முடிதான்! மோதிரம் போல இறுகச் சுற்றியிருந்தது. இடது சக்கரம் சுற்ற முடியவில்லை, வலது சக்கரம் ஒழுங்காகச் சுற்றியது. அதனால்தான் எறும்பு இடது பக்கம் போனது. மாட்டு வண்டியில் இடது மாடு நின்றுவிட்டு வலது மாடு மட்டும் நடந்தால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? அதேதான்.

சுத்தம் செய்ததும் எறும்பு ஓடியது. ஒரு ரூபாய் செலவில்லை. அன்று நான் கற்றுக்கொண்டது இதுதான்: எறும்பு ஒரேயடியாக நிற்கவில்லை. முதலில் சத்தம் போட்டது, அப்புறம் இழுத்தது, அதற்கப்புறம்தான் நின்றது. இரண்டு தடவை சொல்லியும் நான்தான் கேட்கவில்லை.

தொடங்குவதற்கு முன்

இனி எப்படிச் சுத்தம் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன். தேவையானவை எல்லாம் வீட்டிலேயே இருக்கும். பழைய டூத் பிரஷ், ஓவியப் பிரஷ், பஞ்சுக் குச்சி, வெள்ளைப் பருத்தித் துணி, சின்ன ஸ்க்ரூ டிரைவர், நூல் வெட்டும் கத்தரி, ஒரு டிபன் பாக்ஸ் மூடி. மூடி எதற்கென்றால் கழற்றிய ஸ்க்ரூவைப் போட. ஸ்க்ரூ உருண்டு போனால் எறும்பை விட அதைத் தேடுவதுதான் பெரிய வேலை.

முதல் விதி: சுவிட்சை அணைத்து, செல்களையும் வெளியே எடுத்த பிறகுதான் தொட வேண்டும். 9 வோல்ட் நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் ஸ்க்ரூ டிரைவர் நுனி தவறி இரண்டு கம்பிகளைச் சேர்த்துத் தொட்டால் ஷார்ட் ஆகி, பலகை போய்விடும்.

இரண்டாம் விதி: எந்தக் கலர் ஒயர் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று நோட்டில் படம் வரைந்து கொள்ளுங்கள். வீட்டில் செல்போன் இருந்தால் போட்டோ எடுக்கலாம். "எனக்கு ஞாபகம் இருக்கும்" என்று நினைக்காதீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது!

மூன்றாம் விதி: பலகையைத் தொடும் முன் ஜன்னல் கம்பியை ஒரு முறை தொடுங்கள். சீப்பால் தலை வாரினால் காகிதத் துண்டு ஒட்டுகிறதே, அந்த நிலைமின்சாரம் நம் உடம்பிலும் சேரும். அது சின்னச் சில்லுகளுக்கு ஆகாது. நைலான் துணி மேல் வைத்து வேலை செய்யவும் கூடாது. செய்தித்தாள் விரித்துக் கொள்ளலாம்.

சக்கரமும் மோட்டாரும்

ஒரு கையால் மஞ்சள் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தை நேராக வெளியே இழுக்க வேண்டும். ஆட்டி முறுக்கக் கூடாது. அச்சில் சிக்கிய நூலை இழுத்தால் இன்னும் இறுகும். கத்தரி நுனியால் அச்சின் நீளவாக்கில் வெட்டி, பிறகு துண்டு துண்டாக எடுக்க வேண்டும். முன்னால் இருக்கும் குட்டி உருளையையும் மறக்காதீர்கள். அதிலும் முடி சேரும்.

ரப்பர் டயரை மட்டும் தனியாகக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவலாம். நன்றாக நிழலில் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். மோட்டார் பக்கம் தண்ணீரே போகக் கூடாது.

மோட்டாருக்கு எண்ணெய் வேண்டுமா? வேண்டவே வேண்டாம். இந்த மஞ்சள் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பற்சக்கரங்கள் இருக்கின்றன. தேவையான கிரீசைத் தயாரிக்கும்போதே போட்டுவிடுகிறார்கள். உள்ளே மோட்டார் 48 முறை சுற்றினால்தான் வெளியே சக்கரம் ஒரு முறை சுற்றும். அதனால்தான் குட்டி மோட்டாராக இருந்தும் எறும்பால் தன் உடம்பை இழுக்க முடிகிறது. இதனால் இன்னொன்றும் தெரிய வேண்டும்: சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றி விளையாடக் கூடாது. நாம் ஒரு சுற்று சுற்றினால் உள்ளே 48 சுற்று. பல் உடைந்துவிடும். (தம்பி, இது உனக்குத்தான்!)

சக்கரம் சிக்கி நிற்கும்போது சுவிட்ச் போட்டே வைத்திருப்பதும் பெரிய தப்பு. சுற்ற முடியாத மோட்டார் வழக்கத்தை விட அதிக மின்சாரம் இழுக்கும். மோட்டாரும் டிரைவர் பலகையும் சூடாகும். பலகையில் கருப்பாகச் சீப்பு மாதிரி இருக்கிறதே, அது சூட்டை வெளியே விடுவதற்காக. அதன் இடுக்கில் தூசி அடைத்தால் சூடு வெளியே போகாது. பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஓடி முடித்த உடனே தொடாதீர்கள், சுடும்.

கண்கள்

எறும்பின் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு குமிழ்கள் உண்டு. ஒன்று அகச்சிவப்பு ஒளியை அனுப்பும், மற்றது திரும்பி வருவதை வாங்கும். வெள்ளைத் தரை அந்த ஒளியைத் திருப்பி அனுப்பும், கருப்பு டேப் விழுங்கிவிடும். இதை வைத்துத்தான் கோடு எங்கே என்று எறும்புக்குத் தெரிகிறது. கண் தரைக்கு மிக அருகில் இருப்பதால் எல்லாத் தூசியும் அதன் மேல்தான் படியும். தூசி மூடினால் ஒளி திரும்பி வராது. எறும்பு எல்லா இடமும் கருப்பு என்று நினைத்துக்கொள்ளும்.

உலர்ந்த பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்தால் போதும். போகாத அழுக்குக்கு ஐ.பி.ஏ. என்ற ஆல்கஹால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். நம் லேபில் சாரிடம் ஒரு பாட்டில் இருக்கிறது. அடுப்பு, விளக்கு பக்கத்தில் அதைத் திறக்கவே கூடாது, தீப்பிடிக்கும். பெரியவர்கள் கூட இருக்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள். கொரோனா சமயத்தில் வாங்கிய சானிட்டைசர் மிச்சம் இருக்கிறதே என்று அதைத் தடவாதீர்கள். அதில் தண்ணீரும் கை வறளாமல் இருக்கக் கிளிசரினும் கலந்திருக்கும். காய்ந்த பிறகும் பிசுபிசுவென்று நிற்கும், தூசி இன்னும் ஒட்டும்.

கண் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு வேடிக்கையான வழி இருக்கிறது. அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் செல்போன் கேமராவில் பார்த்தால் ஊதா நிறத்தில் மினுங்கும். (சில போன்களில் முன்பக்கக் கேமராவில்தான் தெரியும். டி.வி. ரிமோட்டில் முதலில் செய்து பாருங்கள்.) ஒன்று மினுங்கி மற்றது மினுங்காவிட்டால் ஒயரைப் பாருங்கள்.

இன்னொன்று, பட்டப்பகலில் வாசலில் எறும்பை விட்டுவிட்டு, கெட்டுப்போச்சு என்று பயப்படாதீர்கள். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருக்கிறது. அது எறும்பைக் குழப்பும். வீட்டுக்குள்ளே நிழலில் வைத்தால் சரியாகிவிடும்.

மூளையும் ஒயர்களும்

பலகை மேல் உள்ள தூசியை உலர்ந்த ஓவியப் பிரஷ்ஷால் ஒரே திசையில் தள்ளுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும். சைக்கிள் பம்ப் இருந்தால் தூரத்தில் பிடித்து அடிக்கலாம். அதற்கு முன் இரண்டு தடவை உங்கள் உள்ளங்கையில் அடித்துப் பாருங்கள். பம்ப்புக்குள் தண்ணீரோ எண்ணெயோ இருந்தால் கையில் தெரிந்துவிடும்.

எறும்பு ஓடும்போது அதிர்ந்துகொண்டே ஓடுகிறது. அந்த அதிர்ச்சியில் ஒயரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். ஒவ்வொரு ஒயரையும் இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் ஓட்டையில் விட்டு ஸ்க்ரூவை முடுக்குங்கள். ரொம்பவும் முடுக்கினால் ஸ்க்ரூ வழுக்கிவிடும்.

குற்றவாளி யார்?

ஒரு சக்கரம் மட்டும் சுற்றவில்லை, நூலும் சிக்கவில்லை என்றால் என்ன செய்வது? சார் எனக்குச் சொல்லித் தந்த தந்திரம் இது. எறும்பைச் சின்ன டப்பா மேல் வைத்துச் சக்கரங்கள் தரையைத் தொடாமல் தூக்கி வையுங்கள். செல்லை எடுத்துவிட்டு, டிரைவர் பலகையில் இடது மோட்டார் ஒயர்களையும் வலது மோட்டார் ஒயர்களையும் இடம் மாற்றி மாட்டுங்கள். மறுபடி செல் போட்டுப் பாருங்கள். இப்போதும் அதே சக்கரம்தான் நிற்கிறது என்றால் குற்றம் மோட்டாரிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. நிற்கும் சக்கரம் மாறிவிட்டால் மோட்டார் நல்லவன், குற்றம் பலகை பக்கம். டியூப் லைட் எரியாதபோது பெரியவர்கள் ஸ்டார்ட்டரை மாற்றிப் போட்டுப் பார்ப்பார்களே, அதே யோசனைதான். பார்த்து முடித்ததும் ஒயர்களைப் பழையபடி மாற்ற மறக்காதீர்கள். இல்லாவிட்டால் எறும்பு இடது என்றால் வலது பக்கம் போகும்!

செல்கள்

லித்தியம் செல் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். அதனால்தான் வீட்டுக்கு எடுத்துப் போகும்போது பென்சில் செல்தான் போட வேண்டும் என்று சார் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். பென்சில் செல்லுக்கும் சில விதிகள் உண்டு.

பழைய செல்லையும் புதிய செல்லையும் கலந்து போடாதீர்கள். பலவீனமான செல் முழுதும் தீர்ந்த பிறகும் மற்றவை அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளும். அது வீங்கிக் கசியும். எறும்பு ஓடத் தொடங்கி, நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் மூளை கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். செல் இறங்கியிருக்கும். மோட்டார் இழுக்கும்போது மின்சாரம் போதாமல் மூளை அணைந்து அணைந்து எரிகிறது.

ஓடி முடித்ததும் செல்லை வெளியே எடுத்து வைக்க வேண்டும். எங்கள் வீட்டு டார்ச்சில் ஒரு வருஷம் செல்லை எடுக்காமல் விட்டு, உள்ளே வெள்ளையாகப் பூத்து, ஸ்பிரிங்கே அரித்துவிட்டது. அந்த வெள்ளைப் பொடியைக் கையால் தொடவோ கண்ணைக் கசக்கவோ கூடாது. கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே நம் அமிலம், காரம் பாடம் உதவுகிறது. அல்கலைன் செல்லில் இருந்து கசிவது காரம். அதை எலுமிச்சைச் சாறு தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைக்க வேண்டும். அல்கலைன் என்று எழுதாத சாதாரணச் செல்லில் கசிவது அமிலத் தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடாவைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்துத் தடவ வேண்டும். எது என்று தெரியாவிட்டால்? வெள்ளைத்தாளில் மஞ்சள் தண்ணீர் தடவிக் காய வைத்துக்கொள்ளுங்கள். அதை ஈரமாக்கிப் பொடியில் தொட்டால், காரமாக இருந்தால் சிவக்கும். சிவக்காவிட்டால் சமையல் சோடா. நம் வீட்டு மஞ்சள்தூளே லிட்மஸ் தாள்! பிறகு ஈரத்துணியால் ஒரு முறை, உலர்ந்த துணியால் ஒரு முறை துடைத்து முழுதும் காய விடுங்கள். இதெல்லாம் செல் வைக்கும் பெட்டிக்கு மட்டும்தான். அதைத் தனியாகக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

தீர்ந்த செல்லைக் குப்பையோடு போட்டுக் கொளுத்தாதீர்கள், வெடிக்கும். லேபில் அதற்காக வைத்திருக்கும் பழைய பிஸ்கட் டின்னில் போடுங்கள்.

எறும்பின் வீடு

மூடி உள்ள அட்டைப்பெட்டிதான் எறும்பின் வீடு. மூடாவிட்டால் பல்லி, கரப்பான், நிஜ எறும்பு எல்லாம் குடி வந்துவிடும். புது ஷூ பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் உள்ளே போட்டால் ஈரத்தை உறிஞ்சும். சின்னக் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுக்கொண்டே எறும்பை ஓட்டக் கூடாது. மிக்சர் துகள் விழுந்தால் அப்புறம் எந்த எறும்பு எந்த எறும்பு என்றே தெரியாது!

உங்களுக்குத் தெரியுமா?

தூசியும் சக்கரமும் நமக்கு மட்டும் பிரச்சினை இல்லை. நாசா அனுப்பிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி என்ற இரண்டு ரோபோ வண்டிகள் 2004 ஜனவரியில் செவ்வாய் கிரகத்தில் இறங்கின. 90 செவ்வாய் நாள்கள் வேலை செய்தால் போதும் என்றுதான் திட்டம். அவற்றின் சூரியத் தகடுகளில் செந்தூசி படிந்தது. அங்கே துணி எடுத்துத் துடைக்க யார் இருக்கிறார்கள்? அவ்வப்போது வீசிய காற்றே தூசியைத் தட்டிவிட்டது. ஆப்பர்சூனிட்டி 14 வருஷத்துக்கு மேல் உழைத்து, 45 கிலோமீட்டர் ஓடியது. 2018 ஜூனில் வந்த பெரிய தூசிப் புயலில் அதன் பேச்சு நின்றது. 2019 பிப்ரவரியில் அதன் பணி முடிந்ததாக அறிவித்தார்கள்.

ஸ்பிரிட்டுக்கு 2006-ல் வலது முன்சக்கரம் ஒன்று சுற்றாமல் நின்றுவிட்டது. போய்க் கழற்றிப் பார்க்க முடியுமா? அதனால் வண்டியைப் பின்னோக்கி ஓட்டி, அந்தச் சக்கரத்தை இழுத்துக்கொண்டே போனார்கள். அது கலப்பை போல மண்ணைக் கீறியது. 2007-ல் அப்படிக் கீறிய இடத்தில் வெள்ளையான சிலிக்கா மண் தெரிந்தது. ஒரு காலத்தில் அங்கே வெந்நீரோ நீராவியோ இருந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி ஆனது. நின்றுபோன சக்கரத்தாலேயே ஒரு கண்டுபிடிப்பு!

எறும்பின் கால அட்டவணை

ஓட்டுவதற்கு முன்: தரையைப் பெருக்க வேண்டும். தலையைப் பின்னிக்கொள்ள வேண்டும். (சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.)
ஓட்டிய பின்: செல்லை எடுக்க வேண்டும். அச்சில் நூல், முடி பார்க்க வேண்டும். கண்ணைத் துடைக்க வேண்டும்.
வாரம் ஒரு முறை: ஒயர்களை இழுத்துப் பார்க்க வேண்டும். பலகையில் தூசி தட்ட வேண்டும். டயர் கழுவ வேண்டும்.
மாதம் ஒரு முறை: எல்லா ஸ்க்ரூவும் இருக்கிறதா என்று எண்ண வேண்டும். மொத்தம் 22.
எப்போதும்: புதுச் சத்தம், புது வாசனை, புதுச் சூடு எது வந்தாலும் உடனே நிறுத்த வேண்டும்.

கடைசியாக

பொங்கல் முடிந்து பள்ளி திறந்த அன்று, எறும்பு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்காமல் கொடுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அச்சில் எண்ணெய் விட்டது மனசில் உறுத்தியது. சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். சார் ஒரு ரெஜிஸ்டர் நோட்டை எடுத்து, "இப்ப சொன்னதை அப்படியே இதுல எழுது. அடுத்து எடுத்துட்டுப் போறவங்களுக்கு உதவும்" என்றார். அந்த மஞ்சள் மோட்டார் புதிதாக வாங்கினாலும் நூறு ரூபாய்க்குள்தான் என்றும், எரிந்தே போனாலும் அதை யாரும் வீட்டில் கேட்டு வாங்கி வரத் தேவையில்லை, லேபில் இரண்டு உபரியாக இருக்கிறது என்றும் அப்போதுதான் சொன்னார். இரண்டு நாள் நான் வாய் திறந்து கேட்டிருந்தால் அந்த அழுகையே இல்லை.

அந்த நோட்டில் முதல் பக்கம் என்னுடையது. "இடது சக்கரம். காரணம்: நூல், என் தலைமுடி. என் தப்பு: தேங்காய் எண்ணெய். சரி செய்தது: அம்மாவும் நானும்" என்று எழுதியிருக்கிறேன். இரண்டாம் பக்கம் காலியாக இருக்கிறது.

எட்டாம் வகுப்புத் தங்கையே, இதை நீ படிப்பாய் என்று தெரியும். வரிசையில் உன் பெயரைச் சார் அடிக்கவில்லை. எறும்பு இன்னும் லேபில் பெட்டிக்குள்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வா, சக்கரத்தை எப்படிக் கழற்றுவது என்று நானே காட்டித் தருகிறேன். அப்புறம் நீ எடுத்துப் போ.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
அறிவியல் மன்றம்.